மணிக்குப் பத்து நிமிடம் எங்கே போகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எண் தகடுகள் விழுந்து விழுந்து நேரம் காட்டும் பழைய ஃபிளிப் கடிகார ரேடியோ ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருந்ததால், வோல்டேஜைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி மாட்டினேன். ரேடியோ நன்றாகப் பாடுகிறது. கடிகாரம் மட்டும் மணிக்குச் சரியாகப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. எண்ணெய் விட்டும் மாறவில்லை. என்ன பழுது?"

ஒரு பழுதும் இல்லை. 'சரியாக' என்று எழுதியிருக்கிறாரே, அந்தச் சொல்லிலேயே விடை இருக்கிறது. அழுக்கேறிய கடிகாரம் அவ்வப்போது நின்று நின்று ஓடி, இன்று ஏழு நிமிடம், நாளை இருபது நிமிடம் என்று இஷ்டத்துக்குப் பின்தங்கும். ஒவ்வொரு மணியிலும் தவறாமல் பத்து நிமிடம் குறைகிறதென்றால், அது 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை வரும் மின்சாரத்துக்காகச் செய்த கடிகாரம்; இப்போது நம் ஊரின் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆறில் ஐந்து பங்கு வேகம். அறுபது நிமிடத்தில் ஐம்பதுதான் நகரும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும். அலைகளின் எண்ணிக்கையைத் தொடவே தொடாது.

இந்த வகைக் கடிகாரத்தைத் திறந்து பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான், மோட்டாரின் கம்பிச்சுருளில் பெரும்பாலும் வீட்டு மின்சாரம் நேராகவே பாயும்). ஊசல் கிடையாது, குவார்ட்ஸ் படிகம் கிடையாது. ஒரு சின்னச் சிங்க்ரனஸ் மோட்டாரும் சில பற்சக்கரங்களும்தான். ஏசி மின்சாரம் திசை மாற மாற, சுருளின் காந்தமுனைகளும் வடக்கு தெற்காக மாறுகின்றன. நடுவே இருக்கும் காந்தச் சக்கரம் அந்த மாற்றத்தைத் துரத்திக்கொண்டு சுழல்கிறது. கொஞ்சம் மெதுவாக ஓடுவோம் என்ற பேச்சே அதனிடம் இல்லை. அலையோடு அடி பிசகாமல் ஓடும், முடியாவிட்டால் நின்றுவிடும்.

அப்படியானால் இந்தக் கடிகாரத்துக்கு நேரம் தெரியாது. அதற்கு எண்ணத்தான் தெரியும். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கடிகாரத்தில், 3000 அலைகளை எண்ணி முடித்ததும் ஒரு நிமிடத் தகடு விழுகிறது. நேரத்தைக் காப்பது எங்கோ சுழலும் மின்நிலைய ஜெனரேட்டர்கள். ஒரே மின்தொகுப்பில் இணைந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. உங்கள் மேசையில் இருக்கும் கட்டைவிரல் அளவுக் காந்தமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஹென்றி வாரன் என்ற அமெரிக்கர் இந்த வகைக் கடிகாரத்தை முதலில் செய்து பார்த்தபோது மின்நிலையமே தாளம் தவறிக்கொண்டிருந்தது. அலைவெண் (நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு) கொஞ்சம் அங்கே இங்கே போனால் என்ன என்று யாரும் கவலைப்படாத காலம். 1916-இல் பாஸ்டன் மின்நிலையத்தில் அவர் இரண்டு முள் கொண்ட ஒரு கடிகாரத்தை வைத்தார். ஒரு முள்ளை ஊசல் ஓட்டியது, மற்றதை நிலையத்தின் சொந்த மின்சாரம் ஓட்டியது. இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்வது பணியாளரின் வேலை. அதன்பின் ஊர் முழுக்கக் கடிகாரங்கள் சரியாக ஓடின.

தாளம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2018-இல் ஐரோப்பா பார்த்தது. செர்பியா, கொசோவோ பகுதியில் மின்சாரப் பங்கீட்டுத் தகராறு. தொகுப்பில் மின்சாரம் குறைந்து, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சராசரி அலைவெண் 49.996 ஆனது. குறைந்தது வெறும் 0.004 ஹெர்ட்ஸ். ஐம்பது நாளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 346 நொடி. அடுப்பிலும் மேசையிலும் இருந்த கடிகாரங்கள் ஆறு நிமிடம் வரை பின்தங்கின. பிறகு அலைவெண்ணைக் கொஞ்சம் கூட்டி ஓட்டித்தான் அந்த நிமிடங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இனி, விழும் தகடு. நிமிட உருளையில் 60 தகடுகள். மணிக்கு ஒரு சுற்று. உருளை நிற்காமல் நகர்கிறது, ஆனால் மேலே ஒரு சின்னக் கொக்கி தகட்டின் தலையைப் பிடித்துக்கொள்கிறது. தகடு லேசாக வளைகிறது, விளிம்பு நழுவுகிறது, 'டக்'. விழவைப்பது புவியீர்ப்புதான். எந்தத் தகட்டிலும் முழு எண் கிடையாது. முன்பக்கத்தில் 37-இன் மேல்பாதி, அதே தகட்டின் பின்பக்கத்தில் 38-இன் கீழ்பாதி. அது விழுந்ததும் கீழே 38-இன் பாதி விரிகிறது. அதன் பின்னால் காத்திருந்த அடுத்த தகடு 38-இன் மேல்பாதியைக் காட்டுகிறது. இந்தத் தகடுகளுக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியை இழுக்கும், இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே விழும். காய்ந்த மென்மையான தூரிகை போதும். எண்ணெய் தேவைப்படுவது மோட்டாரின் பற்சக்கரப் பெட்டிக்கு. அங்கே பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும்.

ரேடியோ உறுமினால் பெரும்பாலும் மின்வழங்கிப் பகுதியின் கெபாசிட்டர் காய்ந்திருக்கும். வால்யூம் குமிழ் கரகரத்தால் உள்ளே தூசி. எண்களுக்கு வெளிச்சம் தரும் நியான் விளக்குதான் வேடிக்கையானது. என்னிடம் உள்ள கடிகாரத்தில் அது பகலில் ஒழுங்காக எரியும், இருட்டில் துடிக்கும். டார்ச் அடித்தால் துடிப்பு அடங்கிவிடும். வெளிச்சம் மின்முனையில் பட்டு எலெக்ட்ரான்களைக் கிளப்பி, வாயு பற்றிக்கொள்ள உதவுகிறது. விளக்கு முதுமையடைந்தால் இருட்டில் அந்த உதவியில்லாமல் தடுமாறும்.

இப்படித் துடிக்கும் விளக்கையும் திடீரென்று நிற்கும் கடிகாரத்தையும் கெட்ட சகுனம் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் மனைவி ஆர்லின் 1945-இல் காசநோயால் இறந்தபோது, அறையிலிருந்த கடிகாரம் 9:21-இல் நின்றிருந்தது. இறப்புச் சான்றிதழிலும் அதே நேரம். அதுவும் எண்கள் புரளும் கடிகாரம்தான். ஃபெய்ன்மன் அந்தத் துக்கத்திலும் யோசித்தார்: பலமுறை தன் கையால் பழுதுபார்த்த நோஞ்சான் கடிகாரம் அது, மங்கலான அறையில் நேரம் பார்க்க நர்ஸ் அதைத் தூக்கியிருப்பார், நின்றிருக்கும். அன்பு குறையவில்லை, அறிவும் மயங்கவில்லை.

வாசகருக்கு: கடிகாரத்தின் அடியிலோ பின்னாலோ 50/60 என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஜப்பானில் செய்தவற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். 1890-களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. இன்றும் கிழக்கு ஜப்பான் 50, மேற்கு 60. சுவிட்ச் இல்லாவிட்டால், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் தரும் சைன்அலை இன்வெர்ட்டர் ஒன்றில் மாட்டுங்கள். அதன் உள்ளே தாளம் தரும் குவார்ட்ஸ் படிகம் துல்லியமாக இருக்கும் அளவுக்குக் கடிகாரமும் துல்லியமாக ஓடும். இன்னொன்று: 60-க்குச் செய்த ரேடியோவின் உள் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடேறும். அரைமணி ஓடவிட்டு, பெட்டியின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்.