வயிற்றில் புளி கரைவது எப்படி?

ஏப்ரல் மாத செமஸ்டர் தேர்வில் எனக்குக் கண்காணிப்பு வேலை. வேலூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் நடத்துகிறேன். அன்று கிடைத்தது மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை. மூன்று ஃபேனும் அனலைத்தான் சுற்றிச் சுற்றி வீசின. வினாத்தாள் கொடுத்துப் பத்து நிமிடம் இருக்கும். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "மேம், நெஞ்சு அடைக்குது. மயக்கமா வருது. படிச்சதெல்லாம் மறந்து போச்சு."

கையைப் பிடித்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. அவள் விரல்களோ பானைத் தண்ணீரில் ஊறியவை போலச் சில்லென்று இருந்தன. மணிக்கட்டில் நாடி பார்த்து எண்ணினேன். 15 வினாடியில் 33 துடிப்பு. வராந்தாவில் உட்காரவைத்தேன். அந்தப் பக்கம் வந்த ஒருவர், "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் அழுகை கூடியது.

கூடத்தான் செய்யும். நிமிடத்துக்கு 132 தடவை இதயம் அடிக்கும்போது ஒன்றும் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

மூளையின் இரண்டு பக்கமும் உள்ளே, பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. எதிரே வருவது பாம்பா, வினாத்தாளா என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை அதற்குக் கிடையாது. அது குரல் கொடுத்ததும், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் வழியாக நரம்புகளுக்குச் செய்தி போகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, சில வினாடிகளில் அட்ரினலின் என்ற சுரப்பை ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. கை கால் தசைகளுக்கு ரத்தம் நிறைய வேண்டும். அதனால் தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. விரல் சில்லிடுவது அதனால்தான். செரிமானம் நின்று வயிறு என்னவோ செய்கிறது. எச்சில் குறைந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. "வயித்துல புளியைக் கரைச்சது", "நா வறண்டு போச்சு", "கை காலெல்லாம் சில்லிட்டுடுச்சு" என்று நம் பாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நரம்பியல் படிக்காமலே பட்டியலைச் சரியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, மயக்கம் ஏன் வருகிறது? பயத்தில் மூச்சு வேகமாகிறது. ஆக்சிஜனுக்குக் குறைவில்லை, ஆனால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். ரத்தம் சற்றுக் காரத்தன்மை அடைந்து, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறையும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊறுவது போல இருக்கும். இத்தனையும் சேர்ந்து வந்தால், "எனக்கு ஹார்ட் அட்டாக்" என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த எண்ணத்தையும் அமிக்டலா கேட்கிறது. மறுபடி குரல் கொடுக்கிறது. சுற்று தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது.

இந்தப் படபடப்பு பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கிவிடும். ராத்திரியில் ஹாஸ்டலிலிருந்து ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய், ஈசிஜி சரியாக இருக்கிறது என்று திரும்பி வரும் பிள்ளைகள் பலரின் கதை இதுதான். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: முதல் தடவை நெஞ்சு வலித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ரத்தசோகையும் தைராய்டும்கூடப் படபடப்பைத் தரும்.

அவளை என்னோடு சேர்ந்து மூச்சு விடச் சொன்னேன். நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடுகிறது. அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடும் பழைய அளவுக்கு வரும். எட்டு நிமிடம் கழித்து நாடி 90-க்கு வந்தது. உள்ளே போய் எழுதினாள். ஒரு மணிக்கு அடிஷனல் ஷீட் கேட்டாள். மறந்துபோனதாகச் சொன்ன பாடம்தான். அது எங்கேயும் போகவில்லை. அட்ரினலினுக்குப் பின்னால் மெதுவாக வரும் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு, நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் தடுக்கிறது. பூட்டிய பீரோவில் புடவை இருப்பது மாதிரி.

நம் ஊரில் இதோடு வெக்கையும் சேர்கிறது. தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி இறங்க வேண்டும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தால் எப்படி இறங்கும்? தரையில் தண்ணீர் ஊற்றி, ஈரத்துண்டு விரித்துப் படுக்கிறார்கள். தூக்கம் கெட்ட மூளையில் அமிக்டலா இன்னும் சுலபமாகக் கத்தும். தேர்வுக்கு முந்திய இரவு கண்விழித்துப் படிப்பதை நான் எந்த மாணவருக்கும் சொல்வதில்லை.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளிலும், குடியாத்தத்தில் பீடி சுற்றியும் சம்பாதிக்கிற அம்மாக்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிறையப் பேர். வீட்டில் முதல் டிகிரி. ஒரு அரியர் விழுந்தால் அது வீட்டுக்கே விழுந்த அடி. அமிக்டலா ஆபத்து என்று எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 10, உலக மனநல நாள். பதாகை, ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் நடக்கும். நடக்கட்டும். அந்த நேரத்தில் பாதியை இந்தச் சுற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டக் கொடுத்தால் எவ்வளவோ நல்லது. அப்புறம், ரூம்மேட்டுக்கும் சிலது தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லாமல், சரியாகத் தூங்காமல் சாப்பிடாமல் ஒருவர் ஒதுங்கிக் கிடந்தால் அதைத் தேர்வுப் பயம் என்று விடக்கூடாது. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆமாம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கேலி பேசும் ஊரில் யார் துணிந்து போவார்கள்? ஆனால் வேலூருக்கு வேறொரு பழக்கமும் உண்டு. 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டாரும் தங்குகிறார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஜூனில் அந்தப் பெண் அம்மாவோடு வந்தாள். அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை. "இது இன்னா வியாதி மேடம்?" என்றார். பழைய வினாத்தாளின் பின்பக்கம் பயம், படபடப்பு, மூச்சு, மறுபடி பயம் என்று வட்டமாக வரைந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெஷின் பெல்ட்டு மாதிரி சுத்துது. எங்க கழட்டணும்?"

மூச்சு என்று எழுதிய இடத்தில் விரல் வைத்தேன்.