பொங்கலுக்கு மூன்று நாள் லீவு எழுதினால் எட்டு நாள் கழிக்கிறார்களா?

இந்த வருடம் பொங்கல் முடிந்து சம்பளம் போட்ட அடுத்த நாள் ஒரு அக்கா சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. கம்பெனியே 15, 16, 17 மூன்று நாளும் லீவு விட்டிருந்தது, 18 ஞாயிறு. அதனால் 12, 13, 14 மூன்று நாளுக்கு மட்டும் இ.எல். (வேலை பார்த்துச் சேர்த்த, சம்பளத்தோடு கூடிய லீவு) எழுதிக் கொடுத்துவிட்டு, 10ஆம் தேதி சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். 19ஆம் தேதி காலையில் சரியாக மெஷின் ஓடும் நேரத்துக்கு வந்தும் விட்டார். சீட்டில் கழித்திருந்தது எட்டு நாள். 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை. டைம் ஆபீஸில் போய்க் கேட்டதற்கு, "லீவுக்கு நடுவுல வர்ற லீவும் லீவுதாம்மா, எல்லாக் கம்பெனியிலயும் இதான் ரூல்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வருடம் முழுக்க ஓடிச் சேர்த்த பதினைந்து இ.எல்.லில் ஒரே பொங்கலில் மிச்சம் ஏழு.

ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு ரூல் கிடையாது. நேர் எதிராகத்தான் எழுதியிருக்கிறது. 1948 ஃபேக்டரிச் சட்டத்தின் 79ஆம் பிரிவில், சம்பளத்தோடு கூடிய லீவைக் கணக்கிடும்போது அதற்கு நடுவிலோ, முன்னாலோ பின்னாலோ ஒட்டி வரும் விடுமுறை நாட்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு விளக்கம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் (தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டம், 2020) வந்துவிட்டது. அதன் 32ஆம் பிரிவிலும் இதையே வைத்திருக்கிறார்கள். ஆக அந்த அக்காவுக்குக் கழித்திருக்க வேண்டியது மூன்று நாள்தான். பொங்கலோ தீபாவளியோ, ஊருக்குப் போகிறவர்கள் குறைந்த இ.எல்.லில் அதிக நாள் இருக்க முடிவதே இந்த ஒரு வரியால்தான்.

சரி, முதலில் உங்களுக்கு இ.எல். உண்டா என்பதிலேயே ஏமாற்றுவார்கள். வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள், அவ்வளவுதான் கணக்கு. பழைய சட்டத்தில் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், புதிய சட்டம் அதை 180 நாளாகக் குறைத்துவிட்டது. "உனக்கு 240 வரலையே" என்று இன்னமும் சொல்கிற ஹெச்.ஆர்.கள் நிறைய. 180 என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பிரசவ லீவில் இருந்த பெண்களிடம் "நீங்க வேலைக்கே வரலையே, எப்படி நாள் சேரும்?" என்று கேட்கிறார்கள். பிரசவ லீவு நாட்களை வேலை பார்த்த நாளாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், பழைய சட்டத்தில் 12 வாரம் வரை, புதியதில் 26 வாரம் வரை. அந்த நாட்களுக்கு இ.எல். சேராது, ஆனால் தகுதிக் கணக்கில் சேரும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருடத்து லீவையே விட்டுக்கொடுத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பிரேக். காண்ட்ராக்ட் ஆட்களை ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் நிறுத்திவிட்டு, வேறு காண்ட்ராக்டர் பெயரில் புது ஐ.டி. கார்டு கொடுத்து அதே மெஷினில் உட்கார வைப்பார்கள். காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் ஃபேக்டரித் தொழிலாளிதான், இ.எல். அவருக்கும் உண்டு. ஆனால் தொடர்ந்து வேலை பார்த்தீர்கள் என்று காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை போனில் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஐ.டி. கார்டைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். பீஸ் ரேட் ஆட்களுக்கு, அதாவது உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு, இ.எல். இல்லை என்பதும் பொய்.

இப்போது விடுமுறைப் பட்டியல். வருட ஆரம்பத்தில் பேப்பரில் வரும் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்து, அதில் இருபத்துச் சொச்சம் நாள் இருக்கிறதே என்று பிளான் போடாதீர்கள். அது அரசு அலுவலகங்களுக்கு. தனியார் கம்பெனிக்கு உள்ளது 1958ஆம் வருடத்துத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம். அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கு நாள், கூடவே ஐந்து பண்டிகை நாள், மொத்தம் ஒன்பது. அந்த ஐந்து எவை என்பதை முதலாளி தன் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. முதலாளி, தொழிலாளி இரு தரப்பையும் கலந்துதான் அந்தச் சட்டத்துக்கான அரசு இன்ஸ்பெக்டர் முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? டிசம்பரில் ஒரு தாள் சுற்றுக்கு வரும், முக்கால்வாசிப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள், அதுவே தொழிலாளர் சம்மதம் என்று போய்விடும்.

அந்தத் தாளைப் படியுங்கள், காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வார லீவாக இருக்கிற கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை விழுகிற பண்டிகையை ஐந்தில் ஒன்றாக எழுதினால் உங்களுக்கு ஒரு நாள் போச்சு. இந்த 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அன்றைக்கு எப்படியும் லீவு. அந்த இடத்தில் வார நாளில் வருகிற இன்னொரு பண்டிகையைக் கேட்டிருக்கலாம். ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. அது பட்டியலில் இருந்தவர்கள் 13ஆம் தேதி திங்களுக்கு ஒரே ஒரு இ.எல். எழுதி, 12 ஞாயிற்றையும் சேர்த்து மூன்று நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தார்கள். பட்டியலில் இல்லாதவர்களுக்கு அதே மூன்று நாளுக்கு இரண்டு இ.எல். செலவு. டிசம்பரில் அந்தத் தாள் வரும்போது அடுத்த வருடக் காலண்டரை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் எல்லோருக்கும் லாபம், ஜனவரிக்கு மேல் எவ்வளவு பேசியும் பிரயோஜனம் இல்லை.

பண்டிகை நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரண்டு மடங்கு சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு வேறு ஒரு நாள் சம்பள லீவு. இதில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்குத்தான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. "இங்கே சி-ஆஃப் (மாற்று லீவு) மட்டும்தான்" என்று சூப்பர்வைசர் சொன்னால் அது அவர் சொந்தக் கருத்து. இன்னொரு வேலை செய்வார்கள்: மே 1க்கு லீவு விட்டுவிட்டு, அதை ஈடுகட்ட முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொல்வார்கள், இரண்டு மடங்கும் கிடையாது, மாற்று லீவும் கிடையாது. சட்டப்படி சம்பளத்தோடு விட வேண்டிய ஒன்பது நாளுக்கு ஈடு வேலை கேட்க வழியே இல்லை. பொங்கலுக்கு ஒன்பதுக்கு மேல் கூடுதலாக நாள் விட்டு, அந்தக் கூடுதல் நாளுக்கு ஈடு கேட்டால் அது பேசித் தீர்க்கிற விஷயம். எந்த நாளுக்காக இந்த ஞாயிறு வேலை என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டினதும் போட்டோ எடுங்கள்.

இனி விண்ணப்பம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டு, அவர் தலையாட்டினதை நம்பி டிக்கெட் போட்டுவிடுவார்கள். திரும்பி வந்தால் ஆப்சென்ட், சம்பளம் கட், சில இடத்தில் மெமோவும் சேர்த்து. அந்த சூப்பர்வைசருக்கு அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. ஃபேக்டரிச் சட்டம் கேட்டது 15 நாளுக்கு முன்னால் எழுத்தில், வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் இல்லாமல். சட்டம் மாறினாலும் இந்த 15 நாளை விடாதீர்கள், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. தேதிகளை எழுதும்போது "12 முதல் 18 வரை" என்று எழுதாதீர்கள், அப்படி எழுதினால் நடுவில் உள்ள விடுமுறையையும் நீங்களே இ.எல். கேட்டதாக ஆக்கிவிடுவார்கள். "12, 13, 14 ஆகிய மூன்று வேலை நாட்களுக்கு" என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதி ஒன்றில் வாங்கிய தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். கையெழுத்து போட மாட்டேன் என்றால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து ஹெச்.ஆர். வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள், நீல டிக் வருகிறதா என்று பாருங்கள்.

லீவு கொடுக்க முடியாது என்று சொன்னாலும் அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கிறது. சாதாரணமாக 30 இ.எல்.தான் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியும். முறையாகக் கேட்டும் மறுக்கப்பட்ட லீவுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. ஆனால் மறுத்தார்கள் என்று காட்டத் தாள் வேண்டும். புதிய சட்டத்தில் வருடக் கடைசியில் தொழிலாளி கேட்டால் மிச்ச இ.எல்.லைக் காசாகவும் கொடுக்க வேண்டும். கேட்டால்தான். தானாகக் கணக்கில் வந்து விழும் என்று காத்திருக்காமல் டிசம்பரிலேயே எழுதிக் கொடுங்கள்.

வேலையை விட்டு நிற்கிறவர்களுக்கு ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறவர்கள் சேர்ந்திருக்கும் இ.எல்.லை மறந்துவிடுகிறார்கள். வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் மீதிச் சம்பளத்தோடு அந்த லீவுக்கான காசையும் தர வேண்டும், வருடம் முடியாததால் தர முடியாது என்பது செல்லாது. "செட்டில்மென்ட் முழுசா வாங்கிட்டேன்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து கேட்பார்கள். அதில் லீவு சம்பளம் என்று ஒரு வரி இருக்கிறதா, எதிரே எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

கடை, ஓட்டல், ஐ.டி. கம்பெனி ஆட்களுக்கு வேறு சட்டம், 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்தால் அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பள லீவு, அது 24 வரை சேரும். உடம்பு சரியில்லாததற்கு 12, அவசரத்துக்கு 12 தனி, அவை சேராது. ஆகவே பண்டிகையை ஒட்டி எடுக்கும்போது சேராத லீவை முதலில் செலவழித்துவிட்டு, சேர்கிற லீவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுக்கப் போனால் எங்கே போவது என்பதிலேயே நாலு நாள் போய்விடும். ஃபேக்டரி ஆட்கள் நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவார்கள், "ஃபேக்டரின்னா டிஷ் ஆபீசுக்குப் போங்க" என்பார்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே போனால் "சம்பளப் பிரச்சினைன்னா லேபர் ஆபீஸ்மா" என்று திருப்பி விடுவார்கள். ஒரு நாள் லீவுக் கணக்கைச் சரி செய்ய மூன்று நாள் சம்பளத்தை இழந்து அலைகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இரண்டு ஆபீசுக்கும் ஒரே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள், பிரதி ஒவ்வொன்றிலும் மற்ற ஆபீசின் பெயரைக் குறிப்பிட்டு. ஒருவர் மேல் ஒருவர் தள்ள முடியாது. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் 1100க்குப் போன் செய்து முதல்வர் உதவி மையத்தில் பதியுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் நம்பர் போட்ட ரசீது கிடைக்கும். கம்பெனிக்கு எந்த ஐந்து பண்டிகை ஒப்புதல் ஆகியிருக்கிறது என்று கம்பெனி சொல்ல மறுத்தால், பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஆபீசைக் கேளுங்கள். மனுவைத் தனியாகப் போடாமல் ஒரே லைனில் வேலை செய்கிற நாலைந்து பேர் சேர்ந்து போடுங்கள், ஒருவர் பெயரில் மட்டும் போனால் அவரைத்தான் அடுத்த வாரம் வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவார்கள்.

அந்த அக்காவுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. இ.எல். விண்ணப்பத்தின் போட்டோ அவர் போனில் இருந்தது, மூன்று தேதியும் தனித்தனியாக எழுதியிருந்தார். அதையும் சம்பளச் சீட்டையும் இணைத்து, சட்டப் பிரிவின் எண்ணைப் போட்டு நாலு வரியில் ஹெச்.ஆர்.க்கு ஒரு கடிதம் எழுதினோம். டைம் ஆபீஸில் இரண்டு தடவை வாங்க மறுத்தார்கள், மூன்றாவது தடவை தபாலில் போனது. அடுத்த மாதச் சீட்டில் ஐந்து நாள் திரும்ப ஏறியிருந்தது, யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவர் அக்டோபர் 2 வெள்ளிக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறார். 3 சனிக்கு மட்டும் ஒரு இ.எல்., 4 ஞாயிறு, விளாத்திகுளத்தில் மூன்று நாள். விண்ணப்பத்தை செப்டம்பர் 18க்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.