கிளாஸ் ஏ ஆம்ப்: வாட்டைக் கேட்கும் முன் ஓம்ஸைக் கேளுங்கள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி, வீட்டிலேயே கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) கட்டுகிறவர்கள் அல்சூரில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு அடிக்கடி வருவார்கள். வழக்கமான புகார் ஒன்றுதான்: "அண்ணா, 8 ஓமுக்குப் பதிலா 4 ஓம் ஸ்பீக்கர் போட்டா டபுள் பவர் வரணும்ல? சவுண்டு ஏத்தினா கரகரங்குது."

பாட்டு ஓடாதபோது கொஞ்சம் கரன்ட் மட்டுமே எடுக்கும் ஏபி வகை ஆம்ப்பில் அந்த எதிர்பார்ப்பு ஓரளவு சரி. ஓம்ஸ் என்பது ஸ்பீக்கர் கரன்ட்டைத் தடுக்கும் அளவு; அது பாதியானால் கரன்ட் இரட்டிக்கும். ட்ரான்ஸ்பார்மரும் ட்ரான்சிஸ்டரும் தாங்கும் வரை வாட்டும் கூடும். கிளாஸ் ஏ கதை வேறு. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதில் ஒரு நிலையான கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் பயஸ். கிளாஸ் ஏ-யாகவே இருந்து ஸ்பீக்கருக்கு எவ்வளவு கரன்ட் தர முடியும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

1969 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஜான் லின்ஸ்லி ஹூட் ஒரு 10 வாட் கிளாஸ் ஏ சர்க்யூட் வெளியிட்டார். அதன் நகல் போர்டுகள் இன்றும் ஆன்லைனில் விலை போகின்றன. போர்டை வாங்குகிறவர்கள், எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு சப்ளை வோல்ட், எவ்வளவு பயஸ் என்று அவர் கொடுத்த அட்டவணையைப் பார்ப்பதில்லை. 3 ஓமுக்கு 17 வோல்ட், 2 ஆம்பியர். 8 ஓமுக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர், 15 ஓமுக்கு 36 வோல்ட், 0.9 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், மூன்றிலும் 32 முதல் 34 வாட்தான் வருகிறது. ஆம்ப் சப்ளையிலிருந்து இழுக்கும் வாட் கிட்டத்தட்ட ஒன்றே. அதை வோல்ட்டாகவா, ஆம்பியராகவா, எதில் செலவழிப்பது என்பதை ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கிறது.

மர்ஃபி டவுனிலிருந்து வந்த ஒருவருடையது சிங்கிள் எண்டட் ஆம்ப் (ஒரே ஒரு பக்க ட்ரான்சிஸ்டர்தான் சிக்னலை ஓட்டும்), 2 ஆம்பியர் பயஸ். அந்த வகையில் பீக் கரன்ட், அதாவது சிக்னலின் உச்சத்தில் போகும் கரன்ட், பயஸைத் தாண்டாது. 8 ஓமில் 16 வாட் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. பெட்ரூமுக்கும் 8 ஓமிலேயே ஒரு ஜோடி வாங்கி, அதே டெர்மினலில் பேரலலாக மாட்டிவிட்டார். இப்போது லோடு 4 ஓம். 2 ஆம்பியருக்கு மேல் கிடையாது என்பதால் மொத்தமே 8 வாட். ஒரு பெட்டிக்கு 4. சீரிஸில் மாட்டினாலும் தப்பிக்க வழியில்லை. 16 ஓமில் கரன்ட் மிஞ்சும், வோல்ட் தீர்ந்துபோகும், ஒரு பெட்டிக்குக் கிட்டத்தட்ட அதே 4 வாட்தான்.

"பயஸை 4 ஆம்பியர் ஆக்கிடுங்கண்ணா" என்றார். சப்ளை பிளஸ் மைனஸ் 20 வோல்ட். இப்போதே ஒரு சேனலில் 80 வாட் சூடு. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் (அலுமினியத் தகடு) ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி ஏறும் என்றால் அறையைவிட 32 டிகிரி அதிகம். இரட்டித்தால் 64. ஏப்ரல் மாத பெங்களூரில், மூடிய ஷோகேஸுக்குள் அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பயஸை ஏற்றித் தருகிற வேலையை நான் எடுப்பதில்லை.

இரண்டு பக்க ட்ரான்சிஸ்டர்களும் மாறி மாறி ஓட்டும் புஷ்-புல் வகைக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. அதில் பயஸைப் போல இரண்டு மடங்கு பீக் வரை கிளாஸ் ஏ. 1.25 ஆம்பியர் பயஸ் என்றால் 8 ஓமில் 25 வாட், 4 ஓமில் 12.5 வாட். அதற்கு மேல் ஏபி-யாக மாறி ஓடும், உடனே கிளிப் ஆகாது (அலையின் உச்சி வெட்டுப்பட்டு கரகரக்காது). வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது சராசரி ஓரிரு வாட்டைத் தாண்டாது. ஆகவே அதற்குப் பயப்பட வேண்டாம் என்பது என் கருத்து. பயஸைச் சரிபார்க்க ஆம்ப் அரைமணி நேரம் சூடான பிறகு எமிட்டர் ரெசிஸ்டரின் (அவுட்புட் ட்ரான்சிஸ்டரோடு சேர்ந்த சின்ன ஓம் ரெசிஸ்டர்) இரு முனையிலும் மல்டிமீட்டர் வையுங்கள். 0.22 ஓமில் 275 மில்லிவோல்ட் காட்டினால் 1.25 ஆம்பியர்.

அதே மல்டிமீட்டரை ஸ்பீக்கரில் வைத்து "8-ன்னு சொல்லி 6 குடுத்துட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது டிசி ரெசிஸ்டன்ஸ், அப்படித்தான் குறைவாகக் காட்டும். இம்பீடன்ஸ், அதாவது பாட்டு ஓடும்போது இருக்கும் உண்மையான ஓம்ஸ், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். 8 என்று எழுதிய சில பெட்டிகள் சில இடங்களில் 4-க்கு அருகே இறங்கும். பார்க்க வேண்டியது அந்தக் குறைந்தபட்ச அளவை.

சென்சிட்டிவிட்டியிலும், அதாவது கொடுக்கும் பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவிலும், ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2.83 வோல்ட்டில் 90 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 8 ஓமில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். அதாவது 4 ஓம் பெட்டியின் உண்மையான கணக்கு 1 வாட்டுக்கு 87. சின்ன கிளாஸ் ஏ ஆம்ப் வைத்திருப்பவருக்கு அந்த 3 டெசிபல் பெரிய தொகை.