ஊராட்சித் தேர்தலில் நிற்க நினைக்கிறீர்களா? உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு கிளம்பியதுமே வழக்கறிஞர்களான எங்களிடம் வரும் முதல் கேள்வி இது: "சொந்த ஊர் அதுதான் சார். பூர்வீக வீடு, நிலம் எல்லாம் அங்கே இருக்கு. வீட்டு வரியும் நான்தான் கட்டுறேன். தலைவருக்கு நிக்கலாம்தானே?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி, கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்கோ வார்டு உறுப்பினர் பதவிக்கோ நிற்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். இத்தனை வருடம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது. குடியிருப்பு பற்றிய நிபந்தனை, வாக்காளர் பட்டியல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

"மோடி ஓட்டுப் போடுவது அகமதாபாத்தில், நின்றது வாரணாசியில். ராகுல் காந்தி டெல்லி வாக்காளர், நின்றது வயநாட்டில். எனக்கு மட்டும் ஏன் இந்தத் தடை?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மக்களவைக்கு நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியிலும், சட்டமன்றத்துக்கு அந்த மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியிலும் வாக்காளராக இருந்தால் போதும். மாநிலங்களவைக்கு இருந்த, அந்தந்த மாநில வாக்காளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2003-ல் நீக்கிவிட்டார்கள்; 2006-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. உள்ளாட்சியில் அப்படி இல்லை. தண்ணீர்த் தொட்டியும் தெருவிளக்கும் பார்க்கப் போகிறவர் அந்த ஊர் வாக்காளராக இருக்கட்டும் என்பது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இந்த நிபந்தனையில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் பெண்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஊர் பெண்கள் ஒதுக்கீட்டில் வந்துவிட்டது என்று தெரிந்ததும், தகுதியும் ஆர்வமும் உள்ள மருமகளை நிற்கச் சொல்வார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவர் பெயர் இன்னும் தாய்வீட்டு ஊரில் இருக்கும். கல்யாணமாகி வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்திருப்பார்கள், குழந்தைகள் அதே ஊர்ப் பள்ளியில் படிக்கும், ஓட்டை மட்டும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். வேட்புமனுப் பரிசீலனையில் தேர்தல் நடத்தும் அலுவலர் பட்டியலைத்தான் பார்ப்பார். அதில் பெயர் இல்லையென்றால் ரேஷன் கார்டைக் காட்டிப் பயனில்லை, மனு தள்ளுபடிதான். வீட்டில் திருமணம் நடந்தால், மற்ற ஆவணங்களோடு சேர்த்துப் பெண்ணின் ஓட்டையும் அந்த வருடமே மாற்றிவிடுங்கள். அதற்கு படிவம் 8 போதும்.

அப்புறம், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரை அந்த ஊரில் வழக்கமாகக் குடியிருப்பவராகக் கருத முடியாது. அதே போல, தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் குடியிருப்பு போய்விடாது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி, லீவு கிடைக்கும்போதெல்லாம் வீடு திரும்புகிறவருக்கு ஊர்க் குடியிருப்பு இல்லை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. சென்னையில் குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டு, பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வருகிறவரின் நிலை வேறு. இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. படிவத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

எதிர்த்து நிற்பவர் வெளியூர்க்காரர் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அவர் இந்த ஊரிலேயே இல்லை, தேர்தல் முடிந்ததும் வழக்குப் போட்டுக்கொள்ளலாம்" என்று காத்திருக்காதீர்கள். பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் உண்மையில் அங்கே குடியிருந்தாரா என்பதைத் தேர்தல் வழக்கில் கிளற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே, குஜராத் மாநிலங்களவைத் தேர்தல் வழக்கு ஒன்றில், சொல்லிவிட்டது. ஆட்சேபணையைப் படிவம் 7 மூலம் முன்கூட்டியே வாக்காளர் பதிவு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நகரத்தை ஒட்டிய புது மனைப்பிரிவுகளில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சட்டமன்றப் பட்டியலிலிருந்து அந்தந்த ஊருக்கு உரிய பகுதியைப் பிரித்துத்தான் உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. தெருவின் ஒரு பக்கம் நகராட்சியிலும் மறுபக்கம் ஊராட்சியிலும் இருக்கும் இடங்களில் பெயர் மாறி விழுவது உண்டு. சட்டமன்றத் தேர்தலில் தொகுதி ஒன்றே என்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

உள்ளாட்சிக்கான வரைவுப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டதும் நேரில் போய் உங்கள் பெயர், வார்டு, பாகம் எண், வரிசை எண் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களை முன்மொழியப் போகிறவரின் பெயரையும் பாருங்கள். வார்டு உறுப்பினருக்கு நிற்கிறவர் அந்த ஊராட்சியின் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம். முன்மொழிபவர் அதே வார்டுக்காரராக இருக்க வேண்டும்.