கால் விநாடி மௌனம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: “டோக்கியோவோடு வீடியோ காலில் பேசும்போது, நாங்கள் சொல்லச் சொல்ல ‘ஹாய், ஹாய்’ என்கிறார்கள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், மறுநாள் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று மெயில் வருகிறது. ஏன்?”

ஜப்பானிய மொழியில் ‘ஹாய்’ என்றால் ‘ஆமாம்’தான். ஆனால் பேச்சின் நடுவே வரும் ‘ஹாய்’, கதை கேட்கும்போது நாம் உம் கொட்டுவது போன்றது. ‘கேட்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் மௌனத்தில் இருக்கிறது. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவன ஆய்வாளர்கள் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களில், ஆமாம்-இல்லை கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். சராசரி சுமார் 200 மில்லிவிநாடி. ஜப்பானியத்தில் 7, டேனிஷில் 469. இந்தப் பத்து மொழிகளின் சராசரிகளுக்குள் வித்தியாசம் அரை விநாடிகூட இல்லை!

இங்கேதான் அதிசயம். ஒரு படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால், சொல்லைத் தேடி, ஒலிகளைக் கோத்து, வாயைத் திறக்க மூளைக்குச் சுமார் 600 மில்லிவிநாடி ஆகிறது. பதில் மட்டும் எப்படி 200-இல் வருகிறது? எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். “நாளைக்கு அந்த லோடை லாரியில...” என்பது வரை கேளுங்கள். ‘நாளைக்கு’ காலத்தைச் சொல்லிவிட்டது. ‘லோடை’யில் உள்ள ஐ உருபு, யாரோ அந்த லோடை ஏதோ செய்யப்போகிறார்கள் என்று காட்டிவிட்டது. ‘அனுப்பு’ என்ற வினை வாசலில் நிற்கிறது. மிச்சமிருப்பது ‘அனுப்பிடுவீங்களா’வா, ‘அனுப்ப மாட்டீங்களா’வா என்பதுதான். தமிழில் மறுப்பும் கேள்விக்கான ‘ஆ’வும் வாக்கியத்தின் வாலில் வருவதால், காது அந்தக் கடைசி அசையின் நீட்டலுக்கும் சுருதிக்கும் காத்திருக்கிறது. அது விழுந்ததும் தயாராக இருந்த பதில் புறப்படுகிறது.

‘சரி’ சீக்கிரம் வரும், ‘முடியாது’ தயங்கி வரும் என்பது பொதுவான போக்கு. அதனால் தாமதத்தையே நாம் மறுப்பாகக் கேட்கிறோம். இணைய இணைப்பு ஒரு வழிக்கு 150 மில்லிவிநாடி தாமதித்தால், உங்கள் கேள்வி போகவும் பதில் வரவும் 300 ஆகிறது. 200-இல் சொன்ன ‘சரி’ உங்களுக்கு 500-இல் கேட்கிறது. இரு தரப்புக்கும் அந்நியமான ஆங்கிலத்தில் ஊகிக்கும் வேகமும் குறைவு. இதை அறியாமல் ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்றும், இன்னொருவரை முந்திரிக்கொட்டை என்றும் முடிவு கட்டுகிறோம்.

கேட்டபின் இரண்டு விநாடி வாய் திறக்காமல் இருங்கள். எதிர்மறையில் கேட்காதீர்கள். “லோடு வரலையா?” என்றால் நாமும் ஜப்பானியரும் “ஆமாம், வரலை” என்போம், ஆங்கிலத்தில் அதற்கு ‘நோ’ சொல்ல வேண்டும். “ஓகேவா?” என்பதற்குப் பதில், “எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். பதிலை வீடியோ கால் முடிவதற்குள் சாட்டில் எழுதிக் காட்டுங்கள்.

‘ஜப்பானியர்கள் இப்படி, ஜெர்மானியர்கள் அப்படி’ என்று ஜாதகம் படிக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு நிறுவனங்கள் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு, தமிழ் உரையாடல்களைப் பதிவுசெய்து அளக்கும் ஆய்வுக்குப் போகவேண்டும். அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை.