படிப்பு முடியும் வரை வட்டி இல்லை என்று யார் சொன்னது?

போன திங்கட்கிழமை மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் வங்கிக் கிளைக்கு வந்தார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மகனின் கல்விக் கடன் பற்றி வங்கியிலிருந்து போன கடிதத்தை நான்காக மடித்து, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

"சாறே, நாங்க வாங்கினது நாலு லட்சம். இதுல அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்னு போட்டிருக்கு. பையன் இன்னும் சரியான வேலைக்கே போகல. படிச்சு முடிக்கிற வரை வட்டி கிடையாதுன்னுதானே சொன்னாங்க?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார்.

இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த நான்காவது குடும்பம் இது. இருபது வருடத்துக்கு மேல் கல்விக் கடன் மேசையில் இருந்தவன் நான். கணக்கைச் சொன்னதும் ஒரு தாயின் முகம் மாறுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படிக்கும் காலத்தில் தவணை கிடையாது. அது உண்மை. படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் நீங்கள் எதுவும் கட்டாவிட்டாலும் வங்கி கேட்காது. ஆனால் கேட்காமல் இருப்பது வேறு, வட்டி ஏறாமல் இருப்பது வேறு. முதல் வருட ஃபீஸை வங்கி கல்லூரிக்கு அனுப்புகிற அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கிறது. தவணைக்கு விடுமுறை உண்டு, வட்டிக்கு விடுமுறை இல்லை. கடன் கொடுக்கும்போது இதைச் சொல்கிறோம். சேர்க்கை கிடைத்த சந்தோஷத்தில் அது காதில் விழுவதில்லை. நாங்களும் கூட்ட நேரத்தில் அவசரமாகத்தான் சொல்கிறோம், ஒத்துக்கொள்கிறேன்.

அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருட இன்ஜினியரிங். வட்டி 10 சதவீதம். படிப்பு நான்கு வருடம், அதற்குப் பின் ஒரு வருடம், ஆக ஐந்து வருடம். இந்தக் காலத்தில் போடுவது தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. முதல் வருடம் போன ஒரு லட்சம் ஐந்து வருடமும் வட்டி சுமக்கிறது, 50,000 ரூபாய். இரண்டாம் வருடத்து லட்சத்துக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. கூட்டினால் 1,40,000. நான்கு லட்சம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஆனது இப்படித்தான். யாரும் ஏமாற்றவில்லை. இந்த மொத்தத்தின் மேல்தான் இனித் தவணை போடுவார்கள். பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதத் தவணை 5,800 அளவுக்குக் குறையும், ஆனால் கட்டி முடிக்கும்போது பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இதைத் தவிர்க்க வழி இருந்தது. முதல் வருடம் மாதம் 833 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருக்கலாம். இரண்டாம் வருடம் 1,667. மூன்றாம் வருடம் 2,500. கடைசி இரண்டு வருடம் 3,333. அப்படிச் செய்திருந்தால் பையன் வேலைக்குப் போகும்போது கடன் அதே நான்கு லட்சத்தில் நின்றிருக்கும், பத்து வருடத் தவணை 5,300க்குள் முடிந்திருக்கும். படிக்கும்போதே வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு 1 சதவீத வட்டிச் சலுகை கொடுக்கவும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. கடன் வாங்கும் அன்றே அதைக் கேளுங்கள். முழு வட்டியும் முடியாது என்றால் முடிந்ததைக் கட்டுங்கள், ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. "தவணை ஆரம்பிக்கல, இப்ப எதுக்குப் பணம்" என்று கவுன்டரில் யாராவது திருப்பி அனுப்பினால் நேராக மேலாளரிடம் போங்கள்.

இதைவிட வருத்தமான விஷயம், அந்தக் குடும்பம் இந்த வட்டியைக் கட்டவே வேண்டியிருந்திருக்காது என்பது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பப் படிப்பில் இருந்து, கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ படிப்புக்கு என்.பி.ஏ. (தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. இவர்களுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. தாசில்தார் வருமானச் சான்றிதழ் ஒன்றுதான் இல்லை. "கொண்டு வாங்கன்னு ஒரு தடவை சொன்னாங்க, அப்புறம் யாரும் கேக்கல" என்றார் அந்த அம்மா. ஒரு சான்றிதழின் விலை 1,40,000 ரூபாய். திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டியது வங்கியின் வேலை. ஆனாலும் பெற்றோரே, உங்கள் பணம் இது. வருமானச் சான்றிதழைக் கொடுத்தீர்களா, மானியத்துக்கு உங்கள் பெயர் போனதா என்று ஒவ்வொரு வருடமும் வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளை பாதியில் படிப்பை விட்டாலோ கல்லூரி வெளியே அனுப்பினாலோ மானியம் நின்றுவிடும், அதையும் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

வருமானம் 4.5 லட்சத்துக்கு மேல், 8 லட்சத்துக்குள் என்றால் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பாருங்கள். 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டியை அரசு தாங்கும். அரசுப் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான் இது. சேருவதற்கு முன்பே பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே ஒரு கஷ்டம் உண்டு. கல்லூரி ஃபீஸ் கேட்கும் ஜூனும் ஜூலையும் நம் கையில் காசு இல்லாத மாதங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மேற்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பால்வெட்டும் பாதி நாள் நடக்காது. அந்த நேரத்தில் கல்லூரியிலிருந்து "வெள்ளிக்கிழமைக்குள் கட்டுங்கள்" என்று போன் வந்தால் என்ன செய்வார்கள்? தாலியைத் தவிர மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவார்கள். முதல் வருடம் வளையல், இரண்டாம் வருடம் மாலை. நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கடன். படிப்போ நான்கு வருடம். சம்பாதிக்கப் போகிறவன் படித்து வெளியே வருவதற்குள் நகை ஏலத்துக்குப் போய்விடுகிறது. பெண் பிள்ளையின் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகை அண்ணன் ஃபீஸில் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

கல்விக் கடனுக்கு பயந்து நகைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர். வீட்டுப் பத்திரம் கேட்பார்கள் என்ற பயம். 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், கைக்காசும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி பின்னால் நிற்கிறது, சொத்து கேட்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சேமிப்பைப் பற்றிச் சொன்னால் "கூலி வேலைக்காரங்க என்னத்த சேர்க்க" என்பார்கள். யு.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்க்கும்போது மாதம் ஆயிரம் ரூபாய் போட ஆரம்பித்தால், 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் பிளஸ் டூ முடிக்கிற வரையிலான 13 வருடத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். பிளஸ் ஒன்னில் ஆரம்பித்தால் இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம். பெண் குழந்தை பத்து வயதுக்குள் என்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கை இன்றே தபால் நிலையத்தில் தொடங்குங்கள், வருடத்துக்கு 250 ரூபாய் இருந்தால் போதும். 18 வயது ஆனாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ மேற்படிப்புக்காக பாதி வரை எடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை போட முடியாதவர்கள் ரப்பர் பால் நன்றாக ஓடும் மாதங்களில் கூடுதலாகப் போடுங்கள், மழையில் குறையுங்கள். இந்தக் கணக்கு அதற்கு இடம் கொடுக்கிறது.

பிள்ளை பேரில் பாலிசி எடுத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். காப்பீடு இருக்க வேண்டியது சம்பாதிக்கிறவர் பேரில். கடலுக்குப் போகிறவர், மரம் ஏறுகிறவர், வளைகுடாவில் கட்டட வேலை பார்க்கிறவர், இவர்களுக்கு ஒன்று ஆனால் படிப்பு அங்கேயே நின்றுவிடும். பதிவு செய்யாத ஏலச்சீட்டை நம்பி ஃபீஸுக்குத் திட்டம் போடாதீர்கள். சீட்டுக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் 1982 சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏஜெண்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூரு, மங்களூரு நர்சிங் கல்லூரி என்று மே மாதத்திலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். சரிபார்த்ததும் ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஏஜெண்டுக்கு என்ன உரிமை? இங்கே கவுன்சிலிங்கில் கிடைத்திருக்கும் இடத்தை விட்டு நேரடியாகப் போய்ச் சேர்ந்தால், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் போய்விடும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை மாநில அரசே கட்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். கடன் வாங்கும் முன்னால் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் அரசுக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மூன்றும் இருக்கின்றன. பஸ்ஸில் போய் வரலாம், விடுதிச் செலவு இல்லை.

கடைசியாக, படித்து முடித்த பிள்ளைகளுக்கு. தள்ளுபடி வரும் என்று காத்திருக்காதீர்கள் தம்பி, தங்கச்சி. தவணை 90 நாள் தவறினால் வாராக் கடன். அது உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் மட்டுமல்ல, சேர்ந்து கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மா அறிக்கையிலும் ஏறும். நாளைக்கு அப்பா வீட்டுக் கடன் கேட்டு வந்தால் நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினாலும் அறிக்கையில் "செட்டில்டு" என்றுதான் வரும், "குளோஸ்டு" என்று வராது. கடன் கொடுப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. வேலை கிடைக்கவில்லையா, போனை எடுக்காமல் ஒளியாதீர்கள். கிளைக்கு வந்து எழுதிக் கொடுங்கள். வேலையில்லாத காலத்துக்கு அவகாசம் கொடுக்கவும், ஆரம்பத்தில் சின்னத் தவணையாகப் போட்டுப் பின்னால் ஏற்றவும் வழி உண்டு.

அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் மனு எழுதினோம். பையன் நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான், மாதம் மூவாயிரம் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பிளஸ் ஒன் படிக்கும் மகள் இருக்கிறாள் என்று அந்த அம்மா எழும்பிப் போகும்போதுதான் சொன்னார். உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சலுகை இல்லாத பட்சத்தில் என்னென்ன உதவித்தொகை, எந்தக் கல்லூரிக்கு நாக் உண்டு, நான்கு வருடத்துக்கும் சேர்த்து மொத்த ஃபீஸ் எவ்வளவு. அடுத்த வருடம் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே, ஏப்ரலில் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.