எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து?

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களில் பலர் கடைத் தோட்டாவை நம்புவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பத்திரமாக எடுத்துவந்து, புது பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, மேலே குண்டை அழுத்தி, தாங்களே புதுத் தோட்டா ஆக்கிக்கொள்கிறார்கள். இதில் புதியவர்களை மலைக்க வைப்பது மருந்துப் பட்டியல்தான். எத்தனையோ டப்பாக்கள், ஆனால் உள்ளே இருப்பது அடிப்படையில் ஒரே பொருள்: நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் கலந்திருக்கும். ஊட்டி மலை ரயிலில் போகும்போது கண்ணில் படும் அரவங்காடு தொழிற்சாலையின் பெயரில் இருக்கிற கார்டைட் இந்த இரண்டாவது ரகம்.

பொருள் ஒன்றென்றால் வேறுபாடு எதில்? எரியும் வேகத்தில். மருந்து மணி வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. சுள்ளி குப்பென்று பற்றி அணைந்துவிடும், கட்டை நின்று எரியும் என்பது அடுப்பு மூட்டிய எவருக்கும் தெரியும். பொடி மணிக்கும் பெரிய மணிக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான். வடிவமும் முக்கியம். உருண்டை மணி எரிய எரியப் பரப்பு சுருங்கி, வாயு வரத்து குறைந்துகொண்டே போகும். நடுவில் துளையுள்ள குச்சி மணியில் வெளிப்பக்கம் சுருங்கும்போது துளை அகலமாகிறது, அதனால் வரத்து ஏறக்குறைய சீராக இருக்கும். இவை போதாதென்று, தொடக்க எரிதலை மட்டுப்படுத்தும் வேதிப்பூச்சு வேறு.

.308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அழுத்தத்தின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. குண்டு நகரத் தொடங்கியதிலிருந்து குழலை விட்டு வெளியேறும் வரை ஆகும் நேரம் ஒன்றிரண்டு மில்லி விநாடிதான். குண்டு முன்னால் ஓட ஓட அதன் பின்னால் இடம் பெரிதாகிறது. அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். மருந்து வேகமானதாக இருந்தால், குண்டு நகரத் தொடங்கும்போதே அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடும். ரைஃபிள் கூட்டில் கைத்துப்பாக்கி மருந்தை நிரப்பித் துப்பாக்கியே வெடித்துச் சிதறுவது இப்படித்தான். ரொம்ப மெதுவானதாக இருந்தால் பாதி எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். அதனால்தான் பெரிய கூட்டுக்கும் கனமான குண்டுக்கும் மெதுவான மருந்து.

குறி தப்பாமல் இருக்க குண்டின் வேகம் அதிகமாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியது, ஒவ்வொரு முறையும் ஒரே வேகம். விநாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் 100 கஜத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அதே வித்தியாசம் 1,000 கஜத்தில் குண்டை ஏறக்குறைய ஒரு அடி மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். எனவே கூட்டை ஏறக்குறைய நிரப்பும் மருந்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அரைகுறையாக இருந்தால் மருந்து முன்னும் பின்னும் சரிந்து, பிரைமரின் தீ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். வெயில் இன்னொரு தொல்லை. சூடேறிய மருந்து வேகமாக எரியும். ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி ஹாட்ஜ்டன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் விற்கும் குச்சி மருந்துகளுக்கு இத்தனை மவுசு வந்ததற்குக் காரணம், அவை வெப்பத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை என்பதே.

மருந்து மாறினால் துப்பாக்கியே மாறிவிடும் என்பதற்கு வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் பயன்படுத்திய எம்16 ரைஃபிள் கசப்பான சாட்சி. குச்சி மருந்தை வைத்து வடிவமைத்த துப்பாக்கிக்கு 1964 முதல் உருண்டை மருந்து வந்தது. நிமிடத்துக்கு எத்தனை குண்டு சுடும் என்ற வேகம் எகிறியது, அந்த மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட், துப்பாக்கியை இயக்கும் வாயு செல்லும் குழாயில் படிந்தது, சண்டைக்கு நடுவே துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது.

சரி, நல்ல மருந்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதுவே சிறந்தது என்று முடிவுகட்டுவது பரவலான பழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. மூன்று குண்டு நெருங்கி விழுவது தற்செயலாகவே அடிக்கடி நடக்கும். அதே அளவில் இருபது சுட்டால் பாதி அதிசயம் காணாமல் போய்விடும்.

பெயரிலும் கண்ணி உண்டு. இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்காகச் செய்து மிஞ்சிய மருந்தை வாங்கி, புரூஸ் ஹாட்ஜ்டன் எச்4831 என்று விற்றார். பிறகு டூபான்ட் நிறுவனம் ஐஎம்ஆர் 4831 என்ற மருந்தைக் கொண்டுவந்தது. எண் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது வேகமாக எரியும். ஒன்றுக்கான அளவை மற்றதில் போட்டால் ஆபத்து. ஒரே பெயரிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சிறு மாற்றம் இருக்கும். அதனால் அனுபவசாலிகள் ஒரே தொகுதி எண்ணுள்ள 8 பவுண்டு டப்பாவாகப் பார்த்து வாங்கிவைக்கிறார்கள். அது தீர்ந்து அடுத்த தொகுதி வந்ததும், தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள தொடக்க அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.